நுரை யார் வீட்டது?

சோப்புத்தூள் இல்லாத வீடு இன்று உண்டா? ஓட்டு வீடானாலும் சரி, மாடி வீடானாலும் சரி, குளியலறை மூலையில் ஒரு டப்பாவாவது, கடையில் சரமாகத் தொங்குகிற சின்னப் பாக்கெட்டுகளில் நாலாவது கட்டாயம் இருக்கும். நுரை பொங்கினால்தான் துணி வெளுத்தது என்ற திருப்தி நமக்கு. அந்த நுரை வாளியை விட்டுச் சாக்கடைக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்று யார் யோசிக்கிறோம்? அடுப்பில் பால் வைத்திருப்போம், பிள்ளைக்குப் பள்ளிக்கூட வண்டி வந்திருக்கும்.

ஆனால் போன நுரை ஊருக்கு முன்னால் வந்து நிற்கிற இடங்கள் உண்டு. ஓசூருக்குப் பக்கத்தில் தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. பெங்களூர்ப் பக்கம் பலத்த மழை பெய்து அணைக்குத் தண்ணீர் கூடும்போதெல்லாம், மதகு வழியாக வெளியேறும் தண்ணீர் வெள்ளை வெளேரென்று நுரைத்துக்கொண்டு போவதைப் பல வருஷங்களாகப் பத்திரிகைப் படங்களில் பார்க்கிறோம். சில சமயம் தரைப்பாலத்தையே மூடி, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்.

அந்த நுரைக்குப் பூர்வீகம் பெங்களூர். அங்கே பெல்லந்தூர் ஏரி என்று ஒரு பெரிய ஏரி. நகரத்துச் சாக்கடையில் பெரும்பங்கு அதில் வந்து விழும். அது நிரம்பி வர்த்தூர் ஏரிக்கு, அங்கிருந்து தென்பெண்ணைக்கு. 2015 மே மாதம் பெல்லந்தூர் நுரை தீப்பற்றி எரிந்தது. தண்ணீர் மேல் தீ! 2017 பிப்ரவரியிலும் அந்த ஏரியில் தீப்பிடித்துப் புகை கிளம்பியது. மழை பெய்தால் அழுக்கு கரைந்து குறையத்தானே வேண்டும், நுரை ஏன் அதிகமாகிறது என்ற கேள்விக்குப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்காரர்கள் நாலு வருஷம் தண்ணீரையும் சேற்றையும் எடுத்து ஆராய்ந்து 2021-இல் பதில் சொன்னார்கள். சோப்புத்தூளின் சத்து சேற்றோடு ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படிந்துவிடுகிறதாம். காற்றுப் படாத அந்தச் சேற்றில் அது சிதையாமல் சேர்ந்துகொண்டே போகும். பெருமழை வந்து அடிச்சேற்றைக் கலக்கினதும், வருஷக்கணக்கில் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே நாளில் மேலே வருகிறது.

சென்னை மெரினாவில் 2019 நவம்பர் கடைசியிலும் டிசம்பர் ஆரம்பத்திலும் கடற்கரை நெடுக நுரை ஒதுங்கியது ஞாபகம் இருக்கிறதா? குழந்தைகளை அந்த நுரையில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள் சில தாய்மார்கள். பஞ்சு மெத்தை மாதிரி அழகாகத்தான் இருந்தது. அது சுத்திகரிக்காத சாக்கடையோடு வந்த நுரை, தொடாதீர்கள் என்று அதிகாரிகள் எச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏதோ தொலைதூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். எங்கள் சங்ககிரிக்கு அரை மணிப் பயணத்தில் காவிரி. அதன் கரையில் குமாரபாளையம், பள்ளிபாளையம், எதிர்க்கரையில் பவானி, ஈரோடு. தறியும் சாயமும் உள்ள ஊர்கள். அந்தக் கரையில் ஒரு சின்ன ஊரில் என் அத்தை இருக்கிறார். ஊரின் பெயர் வேண்டாம். ஆற்றுக்குப் போகும் வாய்க்காலில் அங்கே பெண்கள் துணி துவைக்கும் கல் வரிசை உண்டு. என் பாட்டி காலத்துக் கற்கள். வாய்க்காலில் நுரை தேங்குகிறது என்று சொல்லி, 'இங்கே துணி துவைக்கக் கூடாது' என்று பலகை வைத்து, இரண்டு கற்களைப் பெயர்த்தும் போட்டுவிட்டார்கள். வீட்டில் குழாய் உள்ளவர்களுக்குக் கவலை இல்லை. இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? அதே வாய்க்காலில் மேலே எங்கிருந்தெல்லாமோ கழிவு சேருகிறது. அதைக் கேட்க ஆளில்லை.

"ஏங்கண்ணு, நாங்க தொவைக்கற நாலு சீலையிலயா அத்தன நொரை வருது?" என்று அத்தை கேட்டார். கேட்டது என்னையல்ல, சேலத்தில் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கும் என் தங்கை மகளை. அவள் சொன்னாள்: "நொரையப் பாத்து எதுவுமே சொல்ல முடியாதுங்க பாட்டி. தண்ணியப் பிரிச்சுப் பாக்கோணும்."

தண்ணீரைப் பிரிப்பதா? பாலைத் தண்ணீரிலிருந்து அன்னம் பிரித்ததாகக் கதை கேட்டிருக்கிறேன். தண்ணீருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பிரிப்பதற்கு நிஜமாகவே ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் சோப்புத்தூளின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. சங்ககிரியில் சிமெண்ட் ஆலை வந்ததே அதனால்தான். போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அந்தத் தண்ணீரில் பழைய பார் சோப்பைத் தேய்த்தால் நுரைக்குப் பதில் திரிதிரியாக அழுக்கு மிதக்கும். தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்பைப் பிடித்துக்கொள்வதால் வரும் வினை. அந்தக் காலத்தில் சவுட்டு மண்ணும் பூந்திக்கொட்டையும் போட்டு வெளுத்தார்கள். தலைக்கு அரப்பு. பிறகு 1959-இல் சர்ஃப் வந்தது. 1969-இல் ஆமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தம் வீட்டிலேயே கலந்து சைக்கிளில் விற்ற நிர்மா வந்தது. உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், விலையும் மலிவு. எங்களைப் போன்ற ஊர்களுக்கு அது பெரிய வரம்தான். அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

சோப்புத்தூளின் உயிர்ச்சத்து ஒரு தலைப்பிரட்டை மாதிரி என்று தங்கை மகள் படம் போட்டுக் காட்டினாள். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால் போய் எண்ணெய்ப் பிசுக்கைக் கவ்வ, தலை அதைத் தண்ணீருக்குள் இழுக்கும். அழுக்கு போகிற ரகசியம் இதுதான். முதலில் வந்த தூள்களில் அந்த வால் கருவேலங்கிளை மாதிரி கிளைகிளையாக இருந்தது. தண்ணீரிலுள்ள நுண்கிருமிகளால் அதைத் தின்ன முடியவில்லை. 1950-களில் இங்கிலாந்து, ஜெர்மனி ஆறுகளிலெல்லாம் நுரை மலைமலையாக நின்றது. ஜெர்மனி 1961-இல் சட்டமே போட்டது. 1964-இல் அது அமலுக்கு வந்தது. அமெரிக்காவில் 1965-இல் கம்பெனிகள் மாற்றிக்கொண்டன. அதன்பின் வந்தது நேரான வால். கரும்பை நுனியிலிருந்து கடித்துக்கொண்டு வருவதுபோல் கிருமிகள் அதைக் கடித்துத் தீர்த்துவிடும். இன்று நாம் வாங்கும் தூள்களில் பெரும்பாலும் இருப்பது இந்த வகைதான். எல்.ஏ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அதற்கு வேண்டிய மூலப்பொருள் நம் சென்னை மணலியிலேயே தயாராகிறது.

அப்படியானால் பெல்லந்தூர் ஏன் நுரைக்கிறது என்றால், கிருமி கடிக்க வேண்டுமானால் அதற்குக் காற்று வேண்டும், நேரம் வேண்டும். சாக்கடை மேல் சாக்கடை வந்து விழும் ஏரியில் இரண்டும் கிடையாது.

இனி பரிசோதனைக்கு வருவோம். நம் நாட்டில் குடிதண்ணீருக்கு ஐ.எஸ். 10500 என்று ஒரு தர அளவு இருக்கிறது. அதன்படி ஒரு லிட்டர் தண்ணீரில் இந்த வகைச் சோப்புச் சத்து 0.2 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். எவ்வளவு சின்ன அளவு என்று நம் கணக்கில் பாருங்கள். ஒரு ஸ்பூன் தூள் 10 கிராம், அதில் உயிர்ச்சத்து 1 கிராம்தான் என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு ஸ்பூன் 5,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். வீட்டு மொட்டை மாடித் தொட்டி ஐந்து!

இதை அளக்கப் பழைய நாளிலிருந்து ஒரு வழி உண்டு. மெத்திலீன் நீலம் என்று ஒரு சாயம். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் மீனுக்கு நோய் வந்தால் ஊற்றுவார்களே, அதே நீலம்தான். அதைத் தண்ணீர் மாதிரியில் ஊற்றி, குளோரோஃபார்மையும் சேர்த்துக் குலுக்குவார்கள். நீலம் தனியாகக் குளோரோஃபார்முக்குள் போகாது. கல்யாண வீட்டுப் பந்திக்குத் தனியாகப் போகக் கூச்சப்படுகிற பெண் மாதிரி நிற்கும். சோப்புச் சத்து துணைக்குக் கை கோத்தால் போய்விடும். குளோரோஃபார்ம் எவ்வளவு நீலமாகிறதோ அவ்வளவு சோப்பு. செலவு குறைவு, நிறைய இடங்களில் செய்கிறார்கள்.

ஆனால் இந்த நீலப் பெண் யார் கூப்பிட்டாலும் போய்விடுவாள்! சாக்கடையில் இருக்கும் வேறு சில பொருள்களும் அவள் கையைப் பிடிக்கும். அப்போது இல்லாத சோப்பை இருப்பதாகக் காட்டும். இன்னொரு பெரிய ஓட்டை இதைவிட முக்கியம். துணி ஆலைகளிலும் சாயப்பட்டறைகளிலும் நூலை நனைக்க, கழுவப் பயன்படும் திரவங்களில் ஒரு வகைக்கு மின்னேற்றம் கிடையாது. நீலம் அதன் கையைப் பிடிக்கவே பிடிக்காது. எத்தனை இருந்தாலும் இந்தப் பரிசோதனையில் பூஜ்யம் என்றுதான் வரும். அத்தை ஊர் வாய்க்காலில் நீலச் சோதனை மட்டும் செய்தால் என்ன ஆகும்? பெண்கள் போட்ட தூள் தெரியும். மேலேயிருந்து இந்த வகைத் திரவம் வந்திருந்தால் அது தெரியாது. பலகை வைத்தவர் சொன்னதுதான் சரி என்றாகிவிடும்.

அதனால்தான் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றாள் எங்கள் பெண். அந்த முறைக்குக் குரோமட்டோகிராஃபி என்று பெயர். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் வண்ணப்பிரிகை முறை என்று போட்டிருக்கிறார்கள். இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பள்ளிக்கூட லீவில் பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஒரு வெள்ளைச் சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரையும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால், அடியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, சுற்றிலும் வளையம் மாதிரி கோடு போடுங்கள். தட்டில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுச் சாக்பீஸை நிறுத்துங்கள். தண்ணீர் கோட்டைத் தொடக்கூடாது. மெல்ல மெல்ல ஈரம் ஏறும். கறுப்பு என்று நினைத்தோமே, அது நீலமாகவும் ரோஸாகவும் மஞ்சளாகவும் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்! சாக்பீஸோடு ஒட்டிக்கொள்ளப் பிடிக்கும் சாயம் கீழேயே நின்றுவிடும். தண்ணீரோடு ஓடப் பிடிப்பது மேலே போய்விடும். மிகெயில் த்ஸ்வெத் என்ற ரஷ்யத் தாவரவியல்காரர் 1900-களின் தொடக்கத்தில் சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றி, பச்சையையும் மஞ்சளையும் இப்படித்தான் பிரித்தார். சுண்ணாம்புக்கல் ஊர்க்காரியான எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம்.

ஆய்வுக்கூடத்தில் சாக்பீஸுக்குப் பதில் ஒரு சாண் நீள எஃகுக் குழாய். உள்ளே மாவைவிட நைசான சிலிக்கா, அதன்மேல் எண்ணெய் குணமுள்ள ஒரு பூச்சு. தண்ணீர் மாதிரியை முதலில் ஒரு சின்ன வடிகட்டிக் குப்பியில் ஓடவிட்டு, சோப்புச் சத்தை அதில் பிடித்து, மெத்தனாலால் கழுவி எடுத்துச் சுருக்குகிறார்கள். அதில் ஒரு துளியைக் குழாய்க்குள் பம்பால் தள்ளுகிறார்கள். எண்ணெய் பிடிக்கிற வால் பூச்சோடு ஒட்டி ஒட்டி வரும். குட்டை வால் சீக்கிரம் வெளியேறும், நீள வால் தாமதிக்கும். எல்.ஏ.எஸ். என்றால் 10 கார்பன் வால் முதலில், பிறகு 11, 12, கடைசியில் 13 என்று வரிசையாக, தாளில் நாலு மலைமுகடுகளாகப் பதிவாகும். எந்த நிமிஷத்தில் வந்தது என்பது அதன் பெயரைச் சொல்லும். முகடு எவ்வளவு பெரியது என்பது அளவைச் சொல்லும்.

இன்னொன்றும் தெரியுமாம், கேட்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நீள வால்கள் முதலில் சேற்றில் ஒட்டும், கிருமிக்கும் முதலில் இரையாகும். ஆகவே தண்ணீரில் குட்டை வால்களே அதிகம் என்றால், அது வந்து நாளான அழுக்கு. நாலும் கடைத்தூளில் இருக்கும் அதே விகிதத்தில் இருந்தால், பக்கத்திலேயே புதிதாகக் கொட்டியது. இட்லி மாவை முகர்ந்து பார்த்து எப்போது அரைத்தது என்று நாம் சொல்வதில்லையா?

ஆலைத் திரவத்துக்கு வேறு அடையாளம். அதில் ஒரு வகை சிதைந்தால் நோனைல் ஃபீனால் என்ற பொருள் மிஞ்சும். உடம்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாதிரி அது நடிக்கும். ஆண் மீன்களின் உடம்பையே ஏமாற்றிவிடும். ஐரோப்பிய நாடுகள் 2003-இல் சட்டம் செய்து 2005 முதல் இதை மிகவும் கட்டுப்படுத்திவிட்டன. இதைப் பிடிக்க வாயுக் குரோமட்டோகிராஃபியும், பொருளின் எடையை வைத்து ஆளை அடையாளம் காட்டும் இன்னொரு கருவியும் சேர்ந்து வேலை செய்கின்றன. நம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதே முறையில் நம் நாட்டு ஆற்றுத் தண்ணீரில் இந்த வகைப் பொருள்களை அளந்து 2014-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே 2011-இல், சோப்பிலும் பற்பசையிலும் சேர்த்துவந்த டிரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லி காவிரி, வெள்ளாறு, தாமிரபரணித் தண்ணீரில் இருப்பதையும் காட்டினார்கள். ஆக, வழி தெரியாமல் இல்லை. கருவியும் ஆளும் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள்.

வீட்டுத் துணிகளுக்கு இன்னொரு தடயமும் உண்டு. தூளில் 'பளிச்' வெண்மைக்காக ஒளிரும் பொருள் சேர்க்கிறார்கள். கடையில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் வெள்ளைச் சட்டையைக் காட்டிப் பாருங்கள், நீலமாக ஜொலிக்கும். இதையும் தண்ணீரிலிருந்து பிரித்து அளந்து, வீட்டுச் சாக்கடை கலந்ததா என்று சொல்ல வெளிநாடுகளில் பயன்படுத்துகிறார்கள். காகித ஆலையிலும் துணி ஆலையிலும்கூட இந்தப் பொருள் உண்டு. ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

இனி நம் வீட்டு விஷயம். தண்ணீரில் சோப்புச் சத்து கலந்திருந்தால் காய்ச்சினால் போகாது. கிருமி சாகும், சோப்பு அப்படியே இருக்கும். கரித்தூள் உள்ள வடிகட்டி பிடிக்கும், குறித்த காலத்தில் அதை மாற்றினால். பச்சைக் குழந்தையின் துணிகளுக்குத் தூளை அளந்து போடுங்கள், இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாக அலசுங்கள். தங்கிப்போகும் தூள் இளந்தோலைச் சிவக்க வைக்கும். எங்கள் மாதிரி உப்புத் தண்ணீர் ஊரில் போருக்குப் பதில் மழைத் தண்ணீரோ காவிரிக் குழாய்த் தண்ணீரோ கிடைக்கும் நாளில் துவைத்தால் பாதித் தூள் போதும். விளம்பரத்தில் காட்டும் நுரைக்கும் வெளுப்புக்கும் சம்பந்தமே இல்லை. இயந்திரத்தில் போடும் தூளை நுரைக்காத மாதிரிதான் தயாரிக்கிறார்கள், வெளுக்கவில்லையா?

நுரையெல்லாம் சோப்பும் அல்ல. இலை தழை அழுகினாலும் தண்ணீர் நுரைக்கும். பூந்திக்கொட்டையும் நுரைக்கத்தானே செய்கிறது! நுரையே இல்லாத தெளிந்த தண்ணீரில் நோனைல் ஃபீனால் இருக்கவும் கூடும். கண்ணை நம்பி யாரையும் குற்றம் சொல்ல முடியாது, யாரையும் விட்டுவிடவும் முடியாது.

அத்தை ஊர்ப் பெண்கள் இப்போது ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தது எங்கள் பெண். துவைக்கும் கல்லுக்கு மேலே ஓரிடம், கல்லருகே ஓரிடம், கழிவுகள் வந்து சேரும் வாய்க்கு மேலும் கீழும் ஒவ்வொன்று என்று நாலு இடத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும். நீலச் சோதனையோடு நிறுத்தாமல் பிரித்தும் பார்க்க வேண்டும். அதுவரை மீதிக் கற்களைப் பெயர்க்கக் கூடாது. இவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராமசபை கூடுகிறது. அன்று வைக்கலாம் என்று ஏற்பாடு.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வழக்கு இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடங்களில் கட்டணம் கட்டித் தண்ணீர் கொடுக்கலாம். வழக்கமான சோதனையில் உப்பு, கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட் என்றுதான் வரும். சோப்புச் சத்து பார்க்க வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். பிரித்துப் பார்க்கும் கருவி பல்கலைக்கழகங்களிலும் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இருக்கும். தண்ணீர் எடுக்கும் பாட்டில் கண்ணாடியாக இருக்கட்டும். அதை மட்டும் தயவுசெய்து சோப்புப் போட்டுக் கழுவிவிடாதீர்கள்! சுத்தம் செய்து தரும்படி ஆய்வுக்கூடத்திலேயே கேட்டு வாங்குவது நல்லது. மேலே மிதக்கும் நுரையை அள்ளாமல், ஒரு முழம் கீழே கை விட்டு எடுக்க வேண்டும். இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டி, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். அத்தை நாலு ஊறுகாய் பாட்டிலைத் தேய்த்துக் கழுவித் தயாராக வைத்திருந்தார். எங்கள் பெண் அதையெல்லாம் ஊறுகாய்க்கே திருப்பி அனுப்பிவிட்டு, கல்லூரியிலிருந்து நாலு பாட்டில் வாங்கி வந்தாள்.